ஓரிரவுத் தாள்கள்: நாடக நோட்டீசும் பாட்டுப் புத்தகமும்

தகடூர் யாத்திரை என்றொரு நூல் இருந்தது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றி அதியமானை வென்ற போரைப் பாடிய நூல் அது. பாட்டும் உரையும் விரவி வந்ததென்பர். முழுநூல் இன்று இல்லை. புறத்திரட்டைத் தொகுத்தவர் அதிலிருந்து சில பாடல்களை எடுத்துத் தம் தொகையில் சேர்த்தார். உரையாசிரியர்கள் சிலவற்றை மேற்கோளாகக் காட்டினர். நம்மூர்ப் போரைப் பற்றி நம்மிடம் மிஞ்சியவை அவ்வளவே. புறத்திரட்டைத் தொகுத்த அந்தப் புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. பிற்காலத்தில் வையாபுரிப் பிள்ளை அத்தொகையைப் பதிப்பித்ததனால் நாம் படிக்கிறோம்.

இதனை முதலில் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. தருமபுரி மாவட்ட வரலாறு என்றால் நம் அறிஞர்கள் கல்லைத்தான் காட்டுவார்கள். தவறில்லை. நடுகற்கள் இத்தனை செறிந்த மாவட்டங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. தொல்லியல் துறை 1975-இல் தருமபுரிக் கல்வெட்டுகளுக்கெனத் தனி நூலே வெளியிட்டது. ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டுக்குப் பின்னும் நம்மால் படிக்க முடிகிறது. ஆனால் எழுபது ஆண்டுக்கு முன் பென்னாகரத்திலோ அரூரிலோ சந்தை கூடிய நாளில் எந்த நாடகம் நடந்தது, யார் இராஜபார்ட், தரை டிக்கெட்டு எத்தனை அணா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அதைச் சொல்லக்கூடியது ஒரு தாள். ஓரிரவுக்காக அச்சிட்டு மறுநாள் பொட்டலம் மடிக்கப்பட்ட தாள்.

இவ்வகை அச்சுகளுக்கு மேலைநாட்டார் வைத்த பெயர், ஒருநாள் மட்டுமே வாழ்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் ஈசல் அச்சு எனலாம். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தை நடத்திய ஜான் ஜான்சன் என்பவர் இத்தகைய தாள்களையே வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அத்தொகுதி 1968-இல் அப்பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. அங்கே கல்லூரிகளுக்கிடையே ஒருவகைக் கால்பந்து ஆடப்படுகிறது. நம் கால்பந்து அன்று. இருமுனை கூம்பிய பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம். 1869-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கிடையே தொடங்கியதாகச் சொல்வர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வாயிலில் ஒரு சிறுநூல் விற்கும். ஆடுவோர் பெயரும் எண்ணும், இடையிடையே விளம்பரமும், மேலே வண்ண அட்டையும் அதில் இருக்கும். 1930-களிலிருந்து லான் கெல்லர் என்னும் ஓவியர் அந்த அட்டைகளை நூற்றுக்கணக்கில் வரைந்தார். ஒரே ஓவியம் கல்லூரிப் பெயர் மட்டும் மாறிப் பல ஊர்களில் விலைபோனதுண்டு. ஆட்டம் முடிந்ததும் இருக்கையடியில் விட்டுச் சென்ற அந்தப் புத்தகங்களை இன்று தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் அட்டைக்காக, சிலர் உள்ளேயிருக்கும் பெயர்ப்பட்டியலுக்காக. இந்த இரண்டாம் வகையாரிடத்தில்தான் எனக்கு மதிப்பு.

நமக்கு அதன் உறவினர் நாடக நோட்டீசும் சினிமாப் பாட்டுப் புத்தகமும். இரண்டில் நோட்டீசு மூத்தது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்த காலத்தில் பாய்ஸ் கம்பெனிகள் தமிழ்நாடெங்கும் சுற்றிக்கொண்டிருந்தன. ஊர் விட்டு ஊர் போகும் கம்பெனிக்கு நோட்டீசே குரல். மாட்டுவண்டியில் பாண்டு வாத்தியம் முழங்கத் தெருத்தெருவாக வீசுவார்கள். பின்னால் சிறுவர் கூட்டம் ஓடும். ரோஜா நிறம், பச்சை, மஞ்சள் என்று மலிவான வண்ணத்தாள். கையால் கோத்த ஈய எழுத்து. தாளின் அகலம் முழுதும் நாடகத்தின் பெயர், அதன்கீழ் நடிகர்களின் பெயரும் பட்டங்களும், அடியில் சோபா, நாற்காலி, பெஞ்சு, தரை என்று வகுப்புவாரியாகக் கட்டணம். சமூகம் எங்கெங்கே அமர்ந்ததென்பதற்கு இதைவிட நேரான சான்று வேறெங்கே கிடைக்கும்? எந்த நடிகரின் பெயர் எந்த அளவு எழுத்தில் வந்தது என்பதை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் அவர் ஏறியதும் இறங்கியதும் அதிலேயே தெரியும்.

பாட்டுப் புத்தகத்துக்கு வேறொரு மூதாதையும் உண்டு. சென்னைக் குஜிலிக்கடையில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிந்துகள், கும்மிகள், கொலைப்பாட்டுகள், வெள்ளப்பாட்டுகள். ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று பெயரிட்டு எழுதிய பின்னரே நம் புலவருலகம் அவற்றைச் சற்று ஏறிட்டுப் பார்த்தது. மெல்லிய தாள், பெரிய எழுத்து, பாடிக்கொண்டே விற்கும் முறை ஆகிய எல்லாம் அங்கிருந்தே வந்தன. 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' சென்னையில் பேசத் தொடங்கியபோது, பேசியதைவிடப் பாடியதே அதிகம். மதுரகவி பாஸ்கரதாஸ் அதற்குப் பாட்டெழுதினார். நாடக மேடைக்கு எழுதியவரே திரைக்கும் எழுதினார். வாங்கிப் பாடியவர்களும் பழைய கூட்டத்தார்தாம். முப்பதுகளின் படங்களில் நாற்பது ஐம்பது பாட்டுகள் சாதாரணம். கொட்டகையில் ஒருமுறை கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோகப் புத்தகத்தை விட்டால் வழியில்லை. இசைத்தட்டுப் பெட்டி ஊருக்கொன்று இருந்தால் பெரிது.

அந்தக் 'காளிதாஸ்' படச்சுருள் இன்று எங்கும் கிடைக்கவில்லை. நடராஜ முதலியார் எடுத்த முதல் தென்னிந்திய மௌனப்படமான 'கீசக வத'மும் இல்லை. அக்காலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. தீக்குத் தப்பியது வெக்கையில் பிசினாகி உதிர்ந்தது. அதற்கும் தப்பியதை வெள்ளி எடுப்பதற்காக எடைக்குப் போட்டார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல் வந்தபோது தமிழின் முதல் முப்பதாண்டுச் செல்வத்தில் பெரும்பகுதி போய்விட்டது. படம் போன பிறகு கதை, நடிகர், பாட்டு, இராகம், தாளம் எல்லாவற்றுக்கும் ஒரே சாட்சியாக எஞ்சியது, இரண்டணாப் புத்தகம். புறத்திரட்டுக்கு நேர்ந்த கடமை அதற்கும் நேர்ந்துவிட்டது.

இதனை உணர்ந்து ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியவர் சு. தியடோர் பாஸ்கரன். 1981-இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல், தேசிய இயக்கத்துக்கு நாடகமும் சினிமாவும் ஆற்றிய பணியை இத்தகைய சிறு அச்சுகளையும் கொண்டே நிறுவியது. சேர்த்து வைத்தவர்களில் முதலில் வணங்கத்தக்கவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். எழுத்தின் அழகறிந்த கண் அவருக்கு. அதனால்தான் இலக்கண நூலுக்குக் கொடுத்த இடத்தைத் திருமண அழைப்புக்கும் நாடக நோட்டீசுக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் கொடுத்தார் என்று எண்ணுகிறேன். பட்டம் பெற்ற நூலகர் எவரும் அப்போது அதைச் செய்யவில்லை. 1992-இல் அவர் மறைந்தபின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை விலைக்கு வாங்கி, கடல் கடத்திச் செல்லாமல் சென்னையிலேயே நூலகமாக நிறுவத் துணைநின்றது. இன்று அது தரமணியில் இருக்கிறது. மற்றொருவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். 'நாடோடி மன்னன்' (1958) படத்துக்குப் பத்திரிகைத் தொடர்பாளராகப் பணியாற்றியவர். 2016-இல் மறையும்வரை தமிழ்ப் படங்களின் பட்டியலே அவர் தலையில் இருந்தது. அவர் தொகுத்தவற்றை அரசு ஏற்றுக்கொண்டது. 2004-இல் அவர் பெயரில் வெளிவந்த பெருநூல், எந்த ஆண்டில் எந்தப் படம் என்று தேடும் யாவருக்கும் இன்றும் கைவிளக்கு.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 1965 அக்டோபர் 2 வரை தருமபுரி சேலம் ஜில்லாவின் ஒரு பகுதி. அந்தச் சேலத்தில், ஏற்காடு சாலையில், டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. 1937-இல் 'சதி அகல்யா'வில் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அங்கிருந்து வந்தது. இன்று நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. போவோர் வருவோர் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். நம் மன்றத்துக் கவிஞர்கள் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி வேறு. மருதகாசி திரைக்கு எழுதத் தொடங்கியது அந்த நிறுவனத்தின் 'மாயாவதி'யில் (1949). கா. மு. ஷெரீப் அங்கே எழுதினார். கண்ணதாசனும் அந்தச் சேலத்து வாசலில் நின்று போனவர்தாம். இவர்களுடைய திரைப்பாட்டு முதன்முதலாக அச்சேறியது எந்தக் கவிதைத் தொகுதியிலும் அன்று. பாட்டுப் புத்தகத்தில். தொகுதிகள் பின்னால் வந்தவை. அவற்றில் தொகுத்தவர் கை பட்டிருக்கும், சொல் மாறியிருக்கும், சில வேளைகளில் பெயரும் மாறியிருக்கும். எந்தப் பாட்டு எவருடையது என்று இன்றைக்கும் சிலர் கட்சி கட்டி வாதாடுகிறார்கள். நினைவை நம்பி வாதாடுவதைவிட முதல் அச்சைத் தேடி எடுப்பது நன்று. படம் வெளிவருமுன்பே புத்தகம் அச்சாகிவிடுவதால், தணிக்கையிலோ படத்தொகுப்பிலோ வெட்டுண்ட பாட்டும் அதில் தங்கியிருப்பதுண்டு. திரையில் நீங்கள் கேட்கவே முடியாத பாட்டு!

ஆனால் இப்புத்தகங்களை நம்புவதிலும் அளவு வேண்டும். எழுத்துக் கோப்பவர் கேட்டதைக் கோத்தார். ஒற்று ஓடிப்போயிருக்கும், சந்தி சிதைந்திருக்கும். பல புத்தகங்களில் பாடலாசிரியர் நால்வர் பெயரும் முகப்பில் ஒருங்கே இருக்கும். எந்தப் பாட்டு யாருடையது என்ற குறிப்பு உள்ளே இராது. கம்பெனி அச்சிட்டதைப் பார்த்து வேறு அச்சகத்தார் அடித்த போலிகளும் உலவின. அதனால்தான் சில அட்டைகளில் 'ஒரிஜினல்' என்ற சொல் பெரிதாகக் காணப்படுகிறது. போலியில் பிழை மிகுதி. ஆயினும் போலியையும் எறியாதீர்கள். ஒரு பாட்டைக் களவாடி அச்சிட்டார்கள் என்றால் அது ஊர் வாயில் ஊறிவிட்டது என்று பொருள்.

அட்டைப்படம் பற்றிச் சொல்லாமல் போனால் சேர்ப்பவர்கள் என்னை மன்னியார். முப்பதுகளின் அட்டையில் பெரும்பாலும் ஒரே மையில் அடித்த ஹாப்டோன் பிளாக்; புள்ளி புள்ளியாக, முகம் தெரிந்தும் தெரியாமலும். புராணப்படமானால் இரவிவர்மாவின் அச்சுப்படங்களில் கண்ட நிலையிலேயே தேவியும் தேவரும் நிற்பார்கள். பிறகு இருநிறம் வந்தது. சிவப்பும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் கதாநாயகியின் உதடு கன்னத்துக்கு நகர்ந்துவிட்ட அட்டைகளைக் கண்டு நான் சிரித்ததுண்டு. ஐம்பதுகள் அறுபதுகளில் மூவண்ண அட்டை. எழுத்தைப் பாருங்கள்: தலைப்பெழுத்தை ஓவியர் கையால் வரைந்தார். வாள்போல் நீண்ட எழுத்து வீரப்படத்துக்கு, கொடிபோல் வளைந்தது காதலுக்கு, செங்கல் அடுக்கியதுபோல் கட்டைகட்டையாக நின்றது சமூகப்படத்துக்கு. தமிழெழுத்து இத்தனை சுதந்திரமாகக் கைவீசி நடந்த இடம் வேறில்லை. வரைந்தவர் பெயரோ மூலையில் எறும்பளவு இருக்கும், அல்லது இராது. பாடியவருக்கும் நடித்தவருக்கும் வரலாறு எழுதிவிட்டோம். இவர்கள் வரிசை எழுதப்படாமலே கிடக்கிறது.

நாற்பதுகளில் புத்தகம் மெலிந்தது. போர்க்காலக் காகிதக் கட்டுப்பாடு ஒரு காரணம். 1943-இல் படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேற்படலாகாதென்று அரசு வரம்பிட்டது மற்றொன்று. படம் குறுகியதும் பாட்டுக் குறைந்தது. பாட்டுக் குறைந்ததும் பக்கம் குறைந்தது. தாளின் பருமனைக் கொண்டே ஒரு போரைத் தொட்டுப் பார்க்கலாம்.

பாட்டுப் புத்தகத்தில் ஆண்டு போடும் வழக்கம் மிகக் குறைவு. நோட்டீசில் தேதியும் கிழமையும் இருக்கும், ஆண்டு இராது. அன்றிரவு வருபவனுக்கு ஆண்டெதற்கு? எனவே காலங்காண்பதே இத்துறையின் முதல் வித்தை. சில கைவழிகளைச் சொல்கிறேன். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கு முற்பட்டதாகக் கொள்ளலாம். அன்றுதான் நாணயம் பதின்மமாயிற்று. 'ந.பை.' என்றிருந்தால் அதற்குப் பின், பெரும்பாலும் 1964-க்குள். அவ்வாண்டு ஜூனில் 'நயா' உதிர்ந்து வெறும் பைசா ஆயிற்று. விலை 12 என்றோ 19 என்றோ கணக்குக்கு ஒவ்வாமல் இருந்தால் திகைக்கவேண்டா. இரண்டணாவும் மூன்றணாவும் புதுவேடம் பூண்ட எண்கள் அவை. நோட்டீசில் தருமபுரிக்கு எதிரே 'சேலம் ஜில்லா' என்றிருந்தால் 1965 அக்டோபருக்கு முந்தியதாகலாம். பழக்கதோஷம் பொல்லாதது, சிலர் அதற்குப் பின்னும் அப்படியே அச்சிட்டிருப்பர். கிருஷ்ணகிரியும் ஓசூரும் 'தருமபுரி மாவட்டம்' என்று வந்தால் 1965-க்கும் 2004-க்கும் இடைப்பட்டது. 'சென்னை ராஜ்யம்' என்பது 1969 ஜனவரி 14-உடன் ஓய்ந்தது. முகவரியில் ஆறிலக்கப் பின்கோடு கண்டால் 1972 ஆகஸ்டுக்குப் பின். துதிக்கையுள்ள லையும் ணையும் சுழித்த னாவும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அடையாளம். ஆயினும் பழைய ஈய எழுத்தை உருக்க மனமில்லாத சிற்றூர் அச்சகங்கள் பல ஆண்டு அதையே ஓட்டின. எனவே இதனைத் தனிச்சான்றாகக் கொள்ளற்க. ஒரு தாளில் இரண்டு மூன்று அடையாளங்கள் ஒத்துவந்தால்தான் ஆண்டை எழுதவேண்டும், அதையும் பென்சிலால்.

கவிஞர்களுக்குச் சுவையான சான்று மொழியில் இருக்கிறது. முந்திய புத்தகங்களில் 'ஸங்கீதம்', 'ஸம்பாஷணை', 'டைரக்‌ஷன்'. நாளடைவில் கிரந்தம் கழன்று 'சங்கீதம்' ஆகிப் பின் 'இசை', சம்பாஷணை 'வசனம்' ஆகிப் பின் 'உரையாடல்', டைரக்‌ஷன் 'இயக்கம்'. அறிஞர் மாநாடுகளில் தீர்மானம் போட்டது ஒருபுறமிருக்க, ஒரு சொல் உண்மையில் எப்போது தெருவுக்கு வந்தது என்பதை இரண்டணாப் புத்தகமே காட்டுகிறது. கதைச் சுருக்கத்தின் முடிவில் கதாநாயகியைப் பெருந்துயரத்தில் நிறுத்திவிட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நழுவும் அந்த ஒரு வரியை மட்டும் ஐம்பதாண்டாக எவரும் மாற்றவில்லை.

ஒலிநாடா எழுபதுகளின் இறுதியில் பரவத் தொடங்கி எண்பதுகளில் வீட்டுக்கு வீடு வந்ததும் புத்தகத்தின் தேவை போயிற்று. டூரிங் கொட்டகைகளும் ஒவ்வொன்றாகக் கூரை பிரிந்தன.

சேர்ப்பது பெருநகரக் காரியம் என்று எண்ணவேண்டா. சென்னையில் அச்சான புத்தகம் சென்னையில் கிடைத்துவிடும். காரிமங்கலத்துக்கோ பாலக்கோட்டுக்கோ ஓரிரவுக்கு அச்சிட்ட நோட்டீசு இங்கன்றி எங்கும் கிடைக்காது. அது எங்கே ஒளிந்திருக்கும்? கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டப்பட்டு. பரணில் டிரங்குப்பெட்டியின் அடித்தாளாக. சாமிபடத்தின் பின்பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையில். ஒருமுறை பழைய காகிதக் கடையில் எடைபோட்டு வாங்கிய கட்டில், கடன் சீட்டுகளுக்கு நடுவே, பின்பக்கம் முழுதும் வட்டிக்கணக்கு எழுதிய பச்சை நோட்டீசு ஒன்று எனக்குக் கிடைத்தது. நாடகத்தின் பெயர் பாதி கிழிந்திருந்தது. வட்டி விகிதம் முழுமையாக இருந்தது. இரண்டுமே வரலாறுதான். இது எல்லைப்புற மாவட்டம் என்பதையும் மறவாதீர்கள். ஓசூர் வரை நம்முடையதாயிருந்த நாளில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர்க்கான படங்களும் இங்கே ஓடின. தமிழல்லாத தாள் என்று கழித்துவிட்டால் பாதி ஊரைக் கழித்தவர்களாவோம்.

கிடைத்தபின் கெடுப்பவர்களும் நாமே. மடிப்புக் கிழிந்த அட்டைக்கு ஒட்டுநாடா போடுவார்கள். சில ஆண்டில் அதன் பசை மஞ்சளாய் ஊறி எழுத்தைத் தின்னும். அழகுக்காகச் சூடேற்றிப் பிளாஸ்டிக் உறை ஒட்டுவது அதைவிடக் கொடியது. பிறகு பிரிக்கவே முடியாது. எனக்குத் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவர் அட்டைகளை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிவிட்டு உட்பக்கங்களை எடைக்குப் போட்டார். அமெரிக்கக் கல்லூரிப் புத்தகத்துக்கும் அங்கே இதே கதி நேர்வதுண்டு. படம் சட்டத்துக்குள், பெயர்ப்பட்டியல் குப்பையில். மலிவுத்தாளில் அமிலம் மிகுதி, வெயில் பட்டால் பொடியும். இராமபாணப் பூச்சிக்கு வேப்பிலையும் வசம்பும் துணியில் முடிந்து வைத்தால் ஓரளவு காவல். ஆனால் தாளின்மேல் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கேமராவோ கைப்பேசியோ எதுவாயினும், கிடைத்த அன்றே இருபுறமும் படமெடுத்துவிட்டு, எங்கே யாரிடம் கிடைத்ததென்று தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். நடுவில் குத்திய இரும்பூசி துருவேறித் தாளை அரிக்கும். அதை நகத்தால் இழுக்காமல் பின்புறம் மெல்ல நிமிர்த்தி எடுக்கவேண்டும். எடுத்த துளையிலேயே வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்துத் தளர்வாக முடிந்துவிட்டால் பக்கங்கள் வரிசை மாறாமல் இருக்கும்.